பேமிற்றும் உறுதியும்: சைட்டம் வழக்கு, வன்னியிலிருந்து ஒரு வாசிப்பு

சென்ற மாதம் முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு ஐயா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் வழுவழுப்பான தாளில் அடித்த ஒரு கையேடு. வெளிநாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் முகவர் கொடுத்ததாம். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நன்றாகச் செய்திருக்கிறாள். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மாவட்ட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது.

"பிள்ளை, இந்தக் கடுதாசி செல்லுமோ? இதை நம்பிக் காசு கட்டலாமோ? ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன். "ஐயா, உங்கடை வயல் பேமிற் காணியோ, உறுதிக் காணியோ?"

"பேமிற் தான்."

"எவ்வளவு காலமா விதைக்கிறியள்?"

"அப்பர் காலத்திலயிருந்து."

"விக்கேலுமோ?"

"அதெப்பிடி? பிரதேச செயலாளர் சம்மதிக்க வேணுமே."

வன்னியில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அரசாங்கமே தந்த தாள், அரசாங்கமே போட்ட முத்திரை, முப்பது நாற்பது வருட விதைப்பு, எல்லாம் இருந்தாலும் பேமிற் என்ற அனுமதிப்பத்திரம் வேறு, உறுதி என்ற முழு உரிமைப் பத்திரம் வேறு. ஒரு கந்தோர் தந்த தாள் இன்னொரு கந்தோரில் அப்படியே செல்லாது. மருத்துவப் பட்டமும் அதே போன்றதுதான் என்று சொல்லத் தொடங்கி, கடைசியில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரியின் வழக்கு முழுவதையும் அவருக்குச் சொல்லி முடித்தேன். மதியம் வந்தவர் பின்னேரம்தான் போனார். இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் வருவதால் அந்தக் கதையை இங்கே எழுதிவைக்கிறேன்.

மாலபேயில் தொடங்கியது

கொழும்புக்குக் கிழக்கே மாலபேயில், மருத்துவர் நெவில் பெர்னாண்டோ தொடங்கிய தனியார் நிறுவனம் சைட்டம். 2009 ஆம் ஆண்டளவில் மருத்துவ மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. அப்போது ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கோரொட் மருத்துவ அக்கடமியோடு இணைந்த படிப்பு என்ற பெயரில்தான் அது நடந்தது. இலங்கையில் தானே எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்கு 2011 ஓகஸ்ட் வர்த்தமானியில்தான் கிடைத்தது. பிள்ளைகள் வகுப்பில் இருந்து இரண்டு வருடம் கழித்துத்தான் பட்டம் கொடுக்கும் அதிகாரம் வந்தது என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த அத்தனை துன்பத்துக்கும் வேர் இந்த முன்பின் மாற்றத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

வர்த்தமானிக்கு அடிப்படை 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம். அந்தச் சட்டத்தின் 25அ பிரிவின்படி, குறித்துரைக்கப்பட்ட ஓர் அதிகாரபீடத்தின் அறிக்கையைப் பெற்று, உயர்கல்வி அமைச்சர் ஒரு நிறுவனத்தைப் பட்டம் வழங்கும் நிறுவனமாக அங்கீகரிக்கலாம். கணினிப் பட்டம், முகாமைத்துவப் பட்டம் என்றால் விடயம் அத்தோடு முடிந்துவிடும். பட்டத்தை வாங்கிக்கொண்டு பிள்ளை வேலை தேடப் போகலாம்.

மருத்துவத்தில் அப்படி முடியாது. நோயாளியைத் தொடுவதற்கு முன் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அது 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பட்டம் முடித்த பிள்ளைக்கு முதலில் தற்காலிகப் பதிவு, அதை வைத்துக்கொண்டு அரச வைத்தியசாலை ஒன்றில் உள்ளகப் பயிற்சி, அப்புறம்தான் முழுப் பதிவு. பட்டம் உயர்கல்வி அமைச்சின் பக்கம். பதிவு சுகாதார அமைச்சின் பக்கம். இரண்டு சட்டங்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக எழுதப்பட்டவை. நடுவில் வாய்க்கால் வெட்டாமல் விட்ட இரண்டு வயல்கள் மாதிரி.

சபையின் மறுப்பு

மருத்துவ சபை 2015 இல் சைட்டத்தைப் பரிசோதித்தது. அப்போது சபையின் தலைவர் பேராசிரியர் கார்லோ பொன்சேகா. அந்தப் பட்டத்தைப் பதிவுக்கு ஏற்க முடியாது என்ற முடிவுக்குச் சபை வந்தது. சபையின் முக்கியக் கவலை கட்டிடமோ விரிவுரை மண்டபமோ பற்றியதல்ல. நோயாளிகள் பற்றியது. நிறுவனத்தோடு சேர்ந்திருந்த தனியார் வைத்தியசாலையில், ஒரு மருத்துவ மாணவர் கற்றுக்கொள்ளத் தேவையான அளவுக்கும் வகைக்கும் நோயாளிகள் வரவில்லை என்றது சபை. குறிப்பாகச் சட்ட மருத்துவத்திலும் சமுதாய மருத்துவத்திலும் பயிற்சி போதாது என்றது.

இந்த இரண்டு பாடங்களையும் ஏன் தனியாக எடுத்துச் சொன்னார்கள் என்பது கொழும்பில் காசு கொடுத்து வைத்தியம் பார்ப்பவருக்கு உடனே விளங்காமல் போகலாம். எங்களுக்கு விளங்கும். சமுதாய மருத்துவம் என்பது சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் வேலை பழகுவது: தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்மார், கிணற்றுத் தண்ணீர், நுளம்பு. துணுக்காயிலும் மாந்தை கிழக்கிலும் மருத்துவர் என்றால் முக்கால்வாசி வேலை அதுதான். தனியார் வைத்தியசாலை ஒன்று அந்தப் பயிற்சியைத் தன் சுவருக்குள் வைத்துக் கொடுக்க முடியாது.

சட்ட மருத்துவம் இன்னும் கனமானது. திடீர் மரணம், கொலை, பாலியல் வன்முறை, தடுப்புக்காவலில் அடி, இவற்றில் நீதவான் கேட்கும் முதல் தாள் மருத்துவருடைய அறிக்கை. 2018 இல் மன்னார் சதொச வளாகத்தில் எலும்புகள் வெளிவந்தன. 2023 யூன் மாதம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வெளிவந்தன. இரண்டு இடத்திலும் குழிக்குள் இறங்கி, எந்த எலும்பு எப்படிக் கிடந்தது என்று குறித்தவர்களில் சட்ட வைத்திய அதிகாரிகள் இருந்தார்கள். அந்தக் குறிப்பை நம்பித்தான் இங்கே காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் எத்தனையோ தாய்மார் காத்திருக்கிறார்கள். அதனால் "சட்ட மருத்துவப் பயிற்சி போதாது" என்ற வரியை வாசித்தபோது, இதைப் பாடத்திட்டத்தின் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சபை சரியான இடத்தில்தான் கை வைத்தது.

ஆனால் சரியான கவலை இருப்பது வேறு, சட்டத்தில் அதிகாரம் இருப்பது வேறு. வழக்கு அங்கேதான் திரும்பியது.

நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி

பட்டம் பெற்றும் தற்காலிகப் பதிவு மறுக்கப்பட்ட ஒரு மாணவி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்டு மனுச் செய்தார். கடமையைச் செய்யும்படி ஓர் அரச அமைப்பைப் பணிக்கும் எழுத்தாணை அது. மனுவின் சாரம் எளிமையானது: என் நிறுவனம் சட்டப்படி பட்டம் வழங்கும் நிறுவனம், சட்டத்தில் சொல்லப்பட்ட தகைமை என்னிடம் இருக்கிறது, ஆகவே என்னைப் பதிவு செய்.

சபையின் பதிலும் எளிமையானதுதான். மக்களின் உயிரைப் பாதுகாப்பதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். பரிசோதித்தோம், தரம் போதவில்லை என்று கண்டோம். கண்ட பிறகும் பதிவேட்டில் பெயரை எழுதச் சொன்னால் பிறகு எங்களுக்கு என்ன வேலை?

இந்த வாதத்தைக் கேட்டால் யாருக்கும் மனம் சபையின் பக்கம் சாயும். எனக்கும் சாய்ந்தது. ஆனால் கட்டளைச் சட்டத்தை எடுத்து வரி வரியாக வாசித்தால் அங்கே ஓர் ஒழுங்கு எழுதப்பட்டிருப்பது தெரியும். சபை பரிசோதிக்கலாம். குறைந்தபட்சத் தரம் இல்லை என்று கண்டால் அதை அமைச்சருக்கு அறிக்கையாகக் கொடுத்து, அங்கீகாரத்தை நீக்கும்படி பரிந்துரைக்கலாம். நீக்குவதா இல்லையா என்று முடிவெடுப்பவர் அமைச்சர். அந்த முடிவு வரும் வரைக்கும், பட்டம் வழங்கும் நிறுவனம் ஒன்றின் பட்டம் சட்டத்தின் கண்ணில் செல்லுபடியான பட்டம். சபை தன் பரிந்துரையைத் தானே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பதிவை மறுக்க முடியாது.

2017 ஜனவரி 31 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த வழியில்தான் தீர்ப்பளித்தது. சைட்டத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டு, மாணவிக்குத் தற்காலிகப் பதிவு கொடுக்க வேண்டும் என்றது. சபை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 செப்ரெம்பர் 21 அன்று உயர் நீதிமன்றம் அந்த மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இன்னொரு விடயமும் சபைக்கு எதிராக நின்றது. "தரம் போதாது" என்றால், எந்தத் தரம்? மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தர ஒழுங்குவிதிகள் அந்தக் காலத்தில் நடைமுறையில் இருக்கவில்லை. அவை வர்த்தமானியில் வந்தது 2018 ஜனவரியில். நிறுவனத்துக்கு அதிகாரம் கொடுத்து ஆறு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு, மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு! உயர்தரத்தில் குறைந்தது இரண்டு சீ (திறமைச் சித்தி), ஒரு எஸ் (சாதாரண சித்தி) இருக்க வேண்டும் என்ற அடிப்படை விதிகூட அப்போதுதான் எழுத்தில் உறுதியானது. அளவுகோல் இல்லாமல் நிலம் அளந்தால் அந்த அளவையை நீதிமன்றம் ஏற்காது. காணி வழக்கு நடத்திய எவருக்கும் இது தெரியும்.

ஆகவே என் வாசிப்பு இது. நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகவே வாசித்தது. சபையும் பயிற்சிக் குறையைச் சரியாகவே கண்டது. பிழை இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. வைத்தியசாலை போதுமா என்று பார்க்காமல் அதிகாரம் கொடுத்த அரசாங்கம், சபையின் பரிந்துரை வந்த பிறகும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் வைத்திருந்த அரசாங்கம், அதுதான் இந்த வழக்கின் உண்மையான எதிராளி. அமைச்சர் 2015 இலேயே ஒரு முடிவை எழுத்தில் சொல்லியிருந்தால், அது எந்த முடிவாக இருந்தாலும், வழக்கு வேறு மாதிரிப் போயிருக்கும். மாணவர்கள் தங்கள் வாழ்க்கையை எண்ணிப்பார்க்க ஒரு நிலையான தரையாவது இருந்திருக்கும்.

அந்த வருடப் பந்தல்கள்

மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே 2017 ஜனவரி 31 இல்தான் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை வைத்திருந்த தங்கள் காணிக்கு முன்னால் குந்தினார்கள். மூன்று கிழமை கழித்து, பெப்ரவரி 20 இல், கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பந்தல் போட்டார்கள். எங்கள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் அவைதான் இருந்தன. சைட்டம் தெற்கின் சண்டை என்றுதான் பலர் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. தீர்ப்புக்கு எதிராக நாட்டின் எட்டு அரச மருத்துவ பீடங்களின் மாணவர்களும் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும் அதில் ஒன்று. பகிஷ்கரிப்பு பல மாதம் நீண்டது. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழக வாசல் மிதித்த பிள்ளைகளுக்கும், தம்பி தங்கச்சியைப் படிப்பிக்க வேண்டிய பிள்ளைகளுக்கும் அந்த வருடம் அப்படியே போனது. அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்தது. அது டெங்கு வருடம். நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட வருடம். அம்மாவை நீரிழிவுக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வெளிநோயாளர் பிரிவு பூட்டிக் கிடக்கத் திரும்பி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் போக, ஒன்றரை மணித்தியாலம் வர. அன்றைக்கு அந்த வாசலில் நின்ற ஒருவருக்கும் மருத்துவக் கட்டளைச் சட்டம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அதன் ஓட்டைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களும்தான்.

மாணவர்களின் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இலவசக் கல்வி இல்லாவிட்டால் வன்னியிலிருந்து மருத்துவர் என்ற பேச்சே இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்து அந்த ஒழுங்கால் உள்ளே போன பிள்ளை, காசு இருப்பவருக்கு இன்னொரு வாசல் திறக்கும்போது கொதிப்பது நியாயம். அதே நேரம், ஐயாவின், வெட்டுப்புள்ளியைச் சற்றே தவறவிட்ட மகளுக்கும் மருத்துவராகும் ஆசை நியாயம்தான். இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துப் பேசுபவர்கள் 2017 இல் மிகக் குறைவாக இருந்தார்கள்.

இதற்கு முன்னும் ஒருமுறை

நாடு இந்தப் பாதையில் முன்பும் போய் வந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் றாகமையில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி தனியாராகத் தொடங்கியது. பட்டம் கொழும்புப் பல்கலைக்கழகத்தினது. எதிர்ப்பு வலுத்து, 1989 இல் அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்தது. 1991 இல் அது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமாக மாறியது. இன்றைக்கு அங்கே படித்து வரும் மருத்துவரிடம் யாரும் பழைய கதை கேட்பதில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகும் 2011 இல் பழைய வரிசையிலேயே போனார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆற்றாமை.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், 1993 இல் மருத்துவக் கழகச் சட்டத்தில் 10ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கல்லூரி தொடங்கும் முன்பே மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். அங்கேயும் வழக்குகள் ஓயவில்லை. அனுமதி மறுக்கப்பட்ட கல்லூரிகள் இடைக்கால உத்தரவு வாங்கி மாணவரைச் சேர்ப்பதும், பிறகு அந்த மாணவர்கள் நடுவில் தவிப்பதும் நடந்தன. ஆனாலும் கேள்வி எந்த நேரத்தில் கேட்கப்பட வேண்டும் என்பதாவது அங்கே சட்டத்தில் தெளிவாக இருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு

மாலபே வைத்தியசாலையை 2017 இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. பிரதி அமைச்சர் ஹர்ஷ டி சில்வா தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு அறிக்கை கொடுத்தது. ஒக்ரோபர் இறுதியில் சைட்டம் நிறுத்தப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு முன்பே நிறுவனம் இல்லாமல் போய்விட்டது. வழக்கில் வென்றவரின் கல்லூரி மூடப்பட்டது. தோற்ற சபையின் கவலை நடைமுறையில் ஏற்கப்பட்டது. இரண்டு பக்கமும் வென்றதாகச் சொல்ல முடியாத வழக்கு இது.

மிச்சமிருந்த மாணவர்களுக்காக 2018 இல் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து, அவர்களை ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள பல்கலைக்கழகம் அது. மாணவர்களை நடுத்தெருவில் விடாமல் ஒரு வழி செய்தது நல்லதுதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் தனியார் கல்விச் சிக்கலுக்குப் பாதுகாப்பு அமைச்சு தீர்வாக வந்தது வன்னியில் இருக்கும் ஒருவருக்குச் சுலபமாகத் தொண்டைக்குள் இறங்காது. இங்கே பள்ளிக்கூட மைதானத்திலிருந்து தென்னந்தோட்டம் வரைக்கும் முகாம் பார்த்தவர்கள் நாங்கள்.

அது எங்கள் காலடிக்கே வந்தது 2021 இல். கொத்தலாவல பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து யூலை 8 அன்று நாடாளுமன்றத்துக்கு அருகே ஆர்ப்பாட்டம் செய்தவர்களைக் கைது செய்தார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்தது. பிணை கிடைத்த பிறகும் கொரோனாத் தனிமைப்படுத்தல் என்று சொல்லி வலுக்கட்டாயமாக அவர்களை வண்டியில் ஏற்றினார்கள். இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் அதில் ஒருவர். ஏற்றிக்கொண்டு வந்த இடம் கேப்பாப்புலவு விமானப்படை முகாம். மாலபேயில் தொடங்கிய ஒரு அங்கீகாரச் சண்டையின் வால், நாலு வருடம் கழித்து, அதே தீர்ப்பு நாளில் மக்கள் காணிக்காகக் குந்திய ஊரில் வந்து விழுந்தது. தற்செயல்தான். ஆனாலும் அந்தச் செய்தியை வாசித்த அன்றுதான் சைட்டம் வழக்கின் தீர்ப்புகளை எடுத்து முழுவதுமாக வாசிக்கத் தொடங்கினேன்.

கையேட்டுக்குத் திரும்புவோம்

ஐயா கொண்டுவந்த கையேட்டில் "அங்கீகரிக்கப்பட்டது" என்ற சொல் பல இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டம் போட்டேன். சைட்டம் வழக்கு எனக்குப் பழக்கிய பழக்கம் இது: அங்கீகாரம் என்ற சொல்லைக் கண்டால், யார், எதை, எந்தத் திகதியில் என்று மூன்று கேள்வியையும் அதன் பக்கத்தில் எழுதுவது.

முதல் வட்டம், உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது என்ற வரி. அந்த நிறுவனம் மருத்துவக் கல்லூரிகளை அங்கீகரிப்பதே இல்லை. உலக மருத்துவக் கல்லூரிகளின் கையேட்டில் பெயர் இருப்பதைத்தான் முகவர்கள் இப்படி மாற்றிச் சொல்கிறார்கள். பெயர் இருப்பது, அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்பதற்கு மட்டும் அத்தாட்சி.

இரண்டாவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பல்கலைக்கழகம் என்ற வரி. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது பட்டத்தின் பக்கம் மட்டும். பேமிற் பக்கம். பதிவின் பக்கத்தைச் சொல்ல வேண்டியது மருத்துவ சபை. சபை ஏற்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளில் இது இருக்கிறதா, மகள் சேரும் திகதியில் இருக்கிறதா என்பதைச் சபையிடமே எழுத்தில் கேட்க வேண்டும். முகவரின் வாய்ப்பேச்சு போதாது, முகவர் காட்டும் படப்பிரதியும் போதாது.

அதற்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது. வெளிநாட்டில் படித்து வருபவர் இங்கே பதிவுக்கான பரீட்சை எழுத வேண்டும். ஆக்ட் 16 என்று எல்லோரும் சொல்வது அதைத்தான், மேலே சொன்ன பல்கலைக்கழகச் சட்டத்தை அல்ல. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆறு வருடம் படித்து, பட்டத்தோடு வந்து, பரீட்சைக்காக வருடக்கணக்கில் வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் படிக்காமல் சுற்றியவர்கள் அல்ல. அந்த நாட்டு நோயாளியின் மொழி தெரியாமல் வார்டில் பின்வரிசையில் நின்றவர்கள்தான் அதிகம். சபை சைட்டத்தில் கண்ட அதே குறை, வேறு உருவத்தில்.

அதனால் ஐயாவிடம் இன்னொன்றும் கேட்கச் சொன்னேன். மூன்றாம் வருடத்திலிருந்து பிள்ளை எந்த வைத்தியசாலையில் நிற்பாள், அங்கே நாளொன்றுக்கு எத்தனை நோயாளிகள் வருவார்கள், அவர்களோடு அவள் எந்த மொழியில் கதைப்பாள். கட்டணத்தைப் பற்றிய பக்கம் கையேட்டில் நாலு. இதைப் பற்றிய பக்கம் ஒன்றுகூட இல்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காசுக் கணக்கைச் சொன்னார். மனைவியின் நகை. சுவிசில் இருக்கும் மச்சான் தருவதாகச் சொன்ன பங்கு. பேமிற் காணியை வங்கி ஈடு எடுக்காததால் வட்டிக்கு வாங்க வேண்டிய மிச்சம். சைட்டத்தில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் பலரும் பல பத்து இலட்சங்களைக் கட்டியவர்கள், அவர்கள் எல்லோரும் பெரும் பணக்காரர்கள் அல்ல என்று நான் சொன்னேன். தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்ததுதான். ஆனால் முதல் மனுவிலிருந்து கடைசித் தீர்ப்பு வரைக்கும் இரண்டு வருடத்துக்கு மேல். அந்தக் காலம் முழுவதும் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை இல்லாமல் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லுறியளோ, பிள்ளை?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சபையின் கடிதம் கைக்கு வரும் வரைக்கும் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம் என்றுதான் சொன்னேன். முகவர் இந்த மாதக் கடைசிக்குள் முற்பணம் கேட்கிறாராம். கேட்கட்டும். மகளுக்கு இன்னொரு தடவை பரீட்சை எழுத விருப்பம் இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மகளிடம் அதை யாரும் கேட்கவில்லையாம்.

வருகிற புதன்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். 2018 வர்த்தமானியின் பிரதி ஒன்றும், சபைக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வரைபும் எடுத்து வைத்திருக்கிறேன். கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவள் அவள்.